காற்றுக்கு வழிவிடும் சுவர்கள்

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அயர்லாந்து நாடு. அதன் மேற்குக் கரையில் கால்வே விரிகுடா. அந்த விரிகுடாவின் வாயிலில், அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகளை முதலில் தாங்கி நிற்பவை ஆரன் தீவுகள். இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் இயர் என அவை மூன்று. இனிஷ் மோர் என்றால் ‘பெரிய தீவு’ என்று பொருள். பெயர்தான் பெரிது, நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர், மிக அகன்ற இடத்திலும் அகலம் 4 கிலோமீட்டரை எட்டாது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 800 பேர். அவர்களின் தாய்மொழி இன்றும் ஐரிஷ் மொழியே. வழியில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர், கடவுள் உம்மோடு இருக்கட்டும் என்ற பொருள்பட வாழ்த்துவார். மற்றவர் அதனோடு மரியன்னையின் பெயரையும் சேர்த்து வாழ்த்தைத் திருப்பித் தருவார். வணக்கம் சொல்லும் நேரத்திலேயே ஒரு சிறு செபம் முடிந்துவிடுகிறது.

இத்தீவுகளை அயர்லாந்து மக்கள் நெடுங்காலமாகப் ‘புனிதர்களின் ஆரன்’ என்று அழைத்து வருகின்றனர். ஆனால் புனிதர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே கோட்டை கட்டியோர் இருந்தனர். புனிதர்களுக்குப் பின் அவர்களுடைய ஆலயங்களை இடித்துக் கோட்டை கட்டியோரும் வந்தனர். இவை எல்லாவற்றுக்கும் இடையே, எந்த அரசனையும் எதிர்பாராமல், தம் வயலைக் காக்கச் சுவர் எழுப்பிய ஏழை உழவர்களும் வாழ்ந்தனர். அனைவர் கைக்கும் கிடைத்தது ஒரே கல், தீவு முழுவதும் விரிந்து கிடக்கும் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். மூவாயிரம் ஆண்டுகளில் அந்த ஒரே கல்லைக் கொண்டு மனிதர் என்னென்ன செய்தனர், அவற்றுள் எது நிலைத்தது என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்வே பகுதியின் ரோசாவீல் துறையிலிருந்து படகேறினால் ஏறத்தாழ 40 நிமிடத்தில் இனிஷ் மோரின் கில்ரோனன் துறையை அடையலாம். இறங்குதுறைக்கு அருகிலேயே வாடகை மிதிவண்டிகள் வரிசையாக நிற்கும். சிற்றுந்துகளும் குதிரை வண்டிகளும் உண்டெனினும் நாம் மிதிவண்டியையே தேர்ந்துகொண்டோம். நடந்தால் ஒரு நாளில் தீவு முடியாது. சிற்றுந்தில் ஏறினால் கண்ணாடிக்கு வெளியே தீவு ஓடிவிடும். மிதிவண்டியில் செல்வோருக்கோ காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதைக் கால்களே சொல்லிவிடும். ஆரனைப் புரிந்துகொள்ள முதலில் அறிய வேண்டியது அந்தக் காற்றைத்தான்.

கல்லின்மேல் செய்த மண்

நம் முன்னோர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. ஆரன் தீவின் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதே. ஆனால் கோடை என்று நாம் அறிந்த வெம்மை அதில் சிறிதும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையின்றிக் கடல்மேல் ஓடிவந்து, முதன்முதலாக இத்தீவின்மேல் மோதும் ஈரக்காற்று அது. மேற்கு நோக்கிச் செல்லும் சாலையில் மிதிக்கும்போது, சமதரையும் மேடாகத் தோன்றுகிறது. வெட்டவெளியில் மரங்கள் அரிது; வளர்ந்த சிலவும் காற்றுக்கு முதுகு காட்டி வளைந்து நிற்கின்றன.

மண்ணும் அரிது. தீவின் பெரும்பகுதி வெறும் பாறைத்தளம். எதிர்க்கரையிலுள்ள கிளேர் பகுதியின் பரன் பாறைநிலமே கடலுக்கடியில் தொடர்ந்து இங்குத் தலைதூக்குகிறது. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வெப்பக் கடலின் அடியில் படிந்த சிப்பிகளும் பவளங்களும் இறுகி உண்டான கல் அது. மழைநீர் அதன் பிளவுகளைக் கரைத்துக் கரைத்து ஆழமான இடுக்குகளாக்கியிருக்கிறது. அந்த இடுக்குகளில் காற்றுக்கு ஒளிந்து சிறு பூக்கள் மலர்கின்றன.

இத்தகைய நிலத்தில் உழவர் எப்படி வாழ்ந்தனர்? அவர்கள் மண்ணையே செய்தனர். பாறை இடுக்குகளைச் சிறு கற்களால் அடைத்தனர். கடற்கரையிலிருந்து மணலையும் கடற்பாசியையும் கூடைகளில் முதுகிலும் கழுதைமேலும் சுமந்துவந்து அடுக்கடுக்காகப் பரப்பினர். இடுக்குகளில் கிடைத்த கைப்பிடி மண்ணையும் சுரண்டிச் சேர்த்தனர். அது மக்கி வயலானது; அதில் உருளைக்கிழங்கு விளைந்தது. 1934 இல் இராபர்ட் பிளாகர்ட்டி எடுத்த ‘ஆரன் மனிதன்’ என்ற புகழ்பெற்ற திரைப்படம் இந்த உழைப்பை உலகுக்குக் காட்டிற்று. அப்படத்தில் வரும் சுறாவேட்டை அக்காலத்தில் வழக்கொழிந்து போயிருந்த ஒன்றைப் படத்துக்காக மீண்டும் செய்துகாட்டியதாகும். ஆனால் மண் செய்த கதை உண்மையே.

செய்த மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போகாமலிருக்கச் சுவர் வேண்டும். வயலிலிருந்து அகற்றிய கல்லை வைக்கவும் இடம் வேண்டும். இவ்விரு தேவைகளும் சேர்ந்து சுவர்களாயின. மூன்று தீவுகளிலுமாக அவற்றின் மொத்த நீளம் ஆயிரம் மைலுக்குக் குறையாது என்பர். சுண்ணச்சாந்து எதுவும் இன்றி, கல்லின்மேல் கல்லாக அடுக்கப்பட்டவை அவை. 1972 இல் இத்தீவில் குடியேறி, அதன் ஒவ்வொரு அடியையும் நடந்து வரைபடமாக்கிய டிம் ராபின்சன் என்பார், ‘ஆரனின் கற்கள்’ என்று பெயரிட்டு 1986 இலும் 1995 இலும் இரண்டு பெரிய தொகுதிகளை எழுதும் அளவுக்கு அக்கற்களில் செய்தி இருந்தது.

மிதிவண்டியை நிறுத்திவிட்டு அருகில் சென்று பார்த்தால் ஒன்று புலப்படும். சுவரில் எங்கும் இடைவெளி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வானம் தெரிகிறது. கட்டத் தெரியாதவர் செய்த குறைபாடாகவே அது முதலில் தோன்றும். உண்மையோ நேர்மாறானது. அடைப்பட்ட சுவரின்மேல் புயற்காற்று முழு வலிமையோடு மோதித் தள்ளிவிடும். இடைவெளியுள்ள சுவரோ காற்றின் ஒரு பகுதியை உள்ளே விட்டு, அதன் வேகத்தை மட்டும் குறைத்துவிடும். நம் கடற்கரைச் சிற்றூர்களில் ஓலை வேலி கட்டுவோருக்கும் இந்த அறிவு உண்டு. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பல வயல்களுக்கு வாயிற்கதவே இல்லை. மாட்டை உள்ளே விட வேண்டுமானால், சுவரின் குறிப்பிட்ட ஓரிடத்தில் கற்களைக் கையால் எடுத்து வைத்து வழி திறப்பர். மாடு நுழைந்ததும் மீண்டும் அடுக்கிவிடுவர். திறக்கவும் மூடவும் தெரிந்த சுவர் அது. இதை நினைவில் கொண்டு மேற்கே செல்வோம்.

டூன் ஏங்கஸ்

கில்ரோனனிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டரில் கில்மர்வி என்ற சிற்றூர். அங்கே மிதிவண்டியை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கல்வழியில் ஏறினால் டூன் ஏங்கஸ் கோட்டை. தீவின் தென்கரை முழுவதும் செங்குத்தான பாறைச்சுவர். அதில் கடலுக்கு மேலே 80 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில், விளிம்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது இக்கோட்டை. ஒன்றனுள் ஒன்றாக அரைவட்டச் சுவர்கள். அவற்றின் இரு முனைகளும் பாறை விளிம்பில் போய் முடிகின்றன. கடற்பக்கம் சுவரே இல்லை. உள்சுவரின் கனம் சில இடங்களில் நான்கு மீட்டரையும் தாண்டுகிறது. வெளியே, தாக்க வருவோரின் கால்களை இடறச் செய்வதற்காகக் கூரிய கற்களைப் பாறையில் நெருக்கமாக நட்டு வைத்திருக்கின்றனர். கல்லே முள்வேலியானது போன்ற காட்சி.

தீவின் பெயர் தமிழ்ச்செவிக்கு ‘அரண்’ என்ற சொல்லை நினைவூட்டும். இது ஒலி ஒற்றுமையே அன்றிப் பொருள் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அரண் என்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் இங்கு வந்திருந்தால், உயரம், அகலம், உறுதி, அணுகற்கருமை என்று தாம் வேண்டிய இலக்கணம் அனைத்தும் இக்கோட்டையில் அமைந்திருப்பதைக் கண்டிருப்பார். அவர் அந்த அதிகாரத்தை முடிக்கும் கருத்தும் நினைக்கத்தக்கது. கோட்டை எவ்வளவு சிறந்ததாயினும், உள்ளே இருப்போரின் செயல் சிறக்கவில்லையானால் அதனால் பயனில்லை என்பது அவர் முடிவு.

இதைக் கட்டியோர் யார்? ஏங்கஸ் என்ற பெயர் பழங்கதைகளில் வரும் ஒரு தலைவனுடையது. அக்கதைக்கு அப்பால் சான்று இல்லை. 1992 முதல் 1995 வரை நடந்த அகழாய்வுகள் வேறு செய்திகளைத் தந்தன. கி.மு. 1100 அளவிலேயே இம்மேட்டில் மனிதர் நடமாட்டம் இருந்தது, கி.மு. 800 அளவில், வெண்கலக் காலத்தின் இறுதியில், இங்கு மக்கள் வாழ்ந்தனர். வட்டக் குடில்களின் கல் அடித்தளங்கள், வெண்கலப் படைக்கலங்களை வார்த்த மண் அச்சுகளின் துண்டுகள், ஆட்டெலும்புகள், கடற்சிப்பிகள் ஆகியவை கிடைத்தன. கி.பி. முதலாயிரத்தில் கோட்டை மீண்டும் வலுப்படுத்தப்பட்டது. இன்று நாம் காணும் சுவர்களில் சில பகுதிகள் 1880களில் அரசு செய்த பழுதுபார்ப்பின் பயனாய் நிற்பவை.

உள்ளே நுழைந்தால் புல்வெளி. அதன் முடிவில் ஒரு கல்மேடை. அதற்கு அப்பால் வானமும் கடலும்தான். பார்வையாளர்கள் அச்சத்தால் குப்புறப் படுத்து, தலையை மட்டும் விளிம்புக்கு நீட்டிக் கீழே அலை வெடிப்பதைப் பார்க்கின்றனர். யாருக்கு அஞ்சி இத்துணைக் கல்லைச் சுமந்தனர்? அவர்களின் பகைவர் யார்? அவர்கள் எத்தெய்வத்தை வணங்கினர்? மண்ணில் அவர்கள் விட்டுச் சென்றவை ஆயுத அச்சும் எலும்பும் சிப்பியுமே. ஒருவர் பெயர்கூட எஞ்சவில்லை.

ஏழு ஆலயங்கள்

கோட்டையிலிருந்து இறங்கி மேலும் மேற்கே மிதித்தால், சாலையின் வடபுறச் சரிவில் ‘ஏழு ஆலயங்கள்’ எனப்படும் இடம் வருகிறது. எண்ணிப் பார்த்தால் ஆலயங்கள் இரண்டே. புனித பிரெக்கன் பெயரால் அமைந்தது ஒன்று. அதனினும் சிறியது மற்றொன்று. ஏனையவை துறவியரோ திருப்பயணிகளோ தங்கிய வீடுகள். உரோமையில் ஏழு ஆலயங்களைச் சந்திக்கும் பக்தி வழக்கத்தை நினைந்து இப்பெயர் எழுந்திருக்கலாம். உடைந்த பெருஞ்சிலுவைகளின் துண்டுகளும், ‘தூய ஆவியின் படுக்கை’ எனப்படும் கல்லடைப்பும் அங்கு உள்ளன. திருப்பயணிகள் அத்தகைய படுக்கைகளைச் சுற்றி வந்து, முழந்தாளிட்டுத் தவச்செபம் செய்வர்.

அங்குள்ள கல்லறைக் கற்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. அதில் சிலுவைக் குறியோடு இலத்தீனில் ‘ஏழு உரோமையர்’ என்னும் பொருளுடைய இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உரோமையிலிருந்து வந்து இங்கே மடிந்த திருப்பயணிகள் என்பர் சிலர். உயிர்த்த ஞாயிறு நாளைக் கணிப்பதில் ஐரிஷ் மரபுக்கும் உரோமை மரபுக்கும் 7ஆம் நூற்றாண்டில் நடந்த விவாதத்தில் உரோமையின் பக்கம் நின்ற துறவிகள் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், அறியப்பட்ட உலகின் கடைசிக் கல்லாக எண்ணப்பட்ட இத்தீவில், திருச்சபையின் நடுவிடமான நகரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கடல் அவர்களைப் பிரிக்கவில்லை. அக்காலத்தில் கடல்தான் சாலை.

எந்தாவின் பள்ளி

ஏழு ஆலயங்களிலிருந்து திரும்பும்போது காற்று முதுகுப் பக்கம் வந்துவிடுகிறது. வரும்போது மூச்சிரைக்க மிதித்த சாலையில் இப்போது மிதியாமலே வண்டி ஓடுகிறது. பெருஞ்சாலையின் ஓரத்தில் ஆங்காங்கே, தலையில் சிறு சிலுவை தாங்கிய சதுரக் கல்தூண்கள் நிற்கின்றன. பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த நினைவுத்தூண்கள் அவை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடுமாறு வழிப்போக்கரைக் கேட்கின்றன. கோட்டை கட்டிய தலைவனின் பெயரை நாம் அறியோம்; இங்கே எளிய உழவரும் மீனவரும் பெயரோடு நின்று நம் செபத்தை இரக்கின்றனர்.

கில்ரோனனைத் தாண்டிக் கிழக்கே சென்றால் கில்லீனி. ‘எந்தாவின் ஆலயம்’ என்பது இப்பெயரின் பொருள். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித எந்தா இங்கே துறவுமடம் நிறுவினார் என்பது மரபு. அவர் ஒரு குறுநிலத் தலைவனின் மகன், போர்வீரர். துறவுமடத் தலைவியான அவருடைய சகோதரி பாங்க்கியா அவரைப் போர்க்களத்திலிருந்து மீட்டாள் என்று அவர் வரலாறு கூறுகிறது. மடத்திலிருந்த ஓர் இளம்பெண்ணை மணக்க விரும்பி அவர் வந்தபோது அவள் இறந்துபோயிருந்தாள்; சகோதரி அவரை உள்ளே அழைத்துச் சென்று அந்த முகத்தைக் காட்டினாள்; வாளோடு வந்தவர் துறவியாகத் திரும்பினார் என்பது கதை. பிற்காலத்தில் எழுதப்பட்ட இந்த வரலாற்றில் எவ்வளவு நிகழ்ந்தது, எவ்வளவு பக்தியின் புனைவு என்று பிரிப்பது கடினம். மன்ஸ்டர் அரசன் ஏங்கஸ் இத்தீவை அவருக்குக் கொடுத்தான் என்பதும் மரபே. மார்ச் 21 அவருடைய திருநாள்.

ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு. உழைப்பு, நோன்பு, செபம், கல்வி என்ற நான்கின்மேல் அமைந்த கடுந்துறவுக்குப் பெயர்பெற்ற பள்ளியாக ஆரன் விளங்கிற்று. பின்னாளில் க்ளோன்மக்நாய்ஸ் மடத்தை நிறுவிய புனித கியரான் இங்கே கதிரடிக்கும் பணி செய்தார் என்பர். புனித பிரெண்டனும் புனித கொலம்பாவும் இங்கு வந்தனர் என்பதும் வழிவழிச் செய்தி. கொலம்பா 563 இல் ஸ்காட்லாந்தின் அயோனா தீவுக்குச் சென்று மறைபரப்பினார். மற்றொரு ஐரிஷ் துறவியான கொலம்பானுஸ் பிரான்சிலும் இத்தாலியிலும் மடங்களை நிறுவி, 615 இல் பொபியோ நகரில் இறந்தார்.

அத்துறவியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற ஒன்றை நாம் ஒவ்வொருவரும் இன்று துய்க்கிறோம். தொடக்கத் திருச்சபையில் பெரும் பாவங்களுக்கு எல்லார் முன்னிலையிலும், பெரும்பாலும் வாழ்வில் ஒருமுறையே, கடும் தவமுயற்சி விதிக்கப்பட்டது. ஐரிஷ் துறவியரிடையே வேறு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் ‘ஆன்ம நண்பர்’ ஒருவரைத் தேர்ந்து, அவரிடம் தனிமையில், வேண்டும்போதெல்லாம் தம் பாவத்தை அறிக்கையிட்டனர். தனிப் பாவசங்கீர்த்தனம் என்று நாம் அறிந்திருப்பது இவ்வழியாகவே மேலைத் திருச்சபை எங்கும் பரவிற்று. 1215 இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டுக்கொருமுறையேனும் அதைச் செய்யுமாறு பணித்தது. மூடிய நெஞ்சில் ஒரு கல்லை எடுத்து வழி திறக்கும் கலையைக் கற்பித்தோர் இக்கல்தீவுகளின் துறவியரே.

கில்லீனிக்கு மேலேயுள்ள குன்றில் புனித பெனன் சிற்றாலயம் நிற்கிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. உள்ளளவு மூன்று மீட்டருக்குச் சற்று மிகுதி நீளம். அகலம் இரண்டு மீட்டர் அளவே. வழக்கத்துக்கு மாறாக வடக்கு தெற்காக நிற்கிறது. கூரை இல்லை, கூரையைத் தாங்கிய முக்கோணச் சுவர்கள் இரண்டும் வானத்தைக் கூப்பிய கைகள் போல் உயர்ந்துள்ளன. பத்துப் பேர் நின்றால் இடம் நிறைந்துவிடும். காற்று வீசும் அந்த உச்சியில், டூன் ஏங்கஸின் பெருஞ்சுவரை நினைத்துக்கொண்டு இதைப் பார்க்கையில், ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அங்கே எதிரியை வெளியே நிறுத்தக் கல் அடுக்கினர். இங்கே கடவுளோடு தனித்திருக்கக் கல் அடுக்கினர்.

ஆலயக் கல், கோட்டைக் கல்

குன்றிலிருந்து கீழே பார்த்தால் கரையோரம் ஆர்கின் கோட்டையின் சிதைவு தெரியும். இதன் வரலாறு கசப்பானது. 1587 இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் இத்தீவுகளைத் தம் குடிமகன் ஒருவனுக்கு, அங்கே ஆங்கிலக் காலாட்படையினரை நிறுத்த வேண்டும் என்ற விதியோடு அளித்தார். அப்போது எழுந்த காவலிடத்தை, 1650களில் ஆலிவர் குரோம்வெல்லின் படையினர் பெரிதாக்கிக் கட்டினர். கல்லுக்கு அவர்கள் வெகுதூரம் செல்லவில்லை. எந்தாவின் மடத்து ஆலயங்களையும், அருகிலிருந்த பிரான்சிஸ்கு துறவியர் இல்லத்தையும், உயர்ந்த வட்டக் கோபுரத்தையும் இடித்து அக்கல்லை எடுத்துக்கொண்டனர். வட்டக் கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் இன்று எஞ்சியுள்ளது.

அதே பத்தாண்டில், பிடிபட்ட கத்தோலிக்கக் குருக்களை ஆரன் தீவுகளிலும் வடக்கேயுள்ள இனிஷ்பொபின் தீவிலும் கொண்டுவந்து அடைத்தனர். துறவியர் தாமே விரும்பித் தேடிவந்த தனிமை, அவர்தம் வழிவந்த குருக்களுக்குத் தண்டனையாயிற்று. ஆலயக் கல்லால் கட்டிய கோட்டையின் நிழலில் அவர்கள் சிறையிருந்தனர்.

பின்வந்த தண்டனைச் சட்டங்களின் காலத்தில் ஆலயமும் இல்லை, குருவும் அரிது. 1829 இல்தான் கத்தோலிக்கருக்குச் சட்ட உரிமை கிடைத்தது. அதன்பின் 1845 இல் உருளைக்கிழங்கு நோயும் பெரும்பஞ்சமும் வந்துவிட்டன. அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். தீவுகளுக்குக் கடலும் ஒரு பசியாக இருந்தது. 1898 முதல் ஆரன் தீவுகளுக்குப் பலமுறை வந்து தங்கிய ஜான் மில்லிங்டன் சிங், 1904 இல் மேடையேறிய ‘கடலை நோக்கிச் செல்வோர்’ என்ற நாடகத்தில், தன் ஆண்மக்கள் அனைவரையும் கடலுக்கு இழந்த தாய் ஒருத்தியை வரைந்தார். அவளுடைய வீட்டின் அமைதி எப்படியிருக்கும் என்பதை நம் கடற்கரைப் பங்குகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆலயம் இடிந்த அந்த நூற்றாண்டுகளில் நம்பிக்கை எங்கே தங்கியிருந்தது? வாழ்த்துச் சொல்லில் தங்கியிருந்தது. புனித கிணறுகளைச் சுற்றிவந்த காலடிகளில் தங்கியிருந்தது. சாலையோரக் கல்தூணின் முன் ஒரு நொடி நின்று செபித்தவரின் உதட்டில் தங்கியிருந்தது. வயற்சுவரை அடுக்கிய அதே கைகள் செபமாலையையும் எண்ணின. குரோம்வெல்லின் வீரர் இடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

இன்றைய காற்று

வரலாறு இங்கே முடிந்திருந்தால், துன்புற்ற திருச்சபை வென்றது என்ற இனிய முடிவோடு நாமும் எழுதுகோலை வைத்துவிடலாம். ஆனால் முடியவில்லை.

உரிமை பெற்ற பின் அயர்லாந்துத் திருச்சபை வலிமை பெற்றது. பள்ளிகள், மருத்துவமனைகள், குருமடங்கள் எங்கும் எழுந்தன. அவ்வலிமையின் நற்பயனை நம் நாடும் பெற்றது. 1842 இல் அயர்லாந்திலிருந்து சென்னைக்கு வந்த காணிக்கை அன்னை சபைக் கன்னியர் பெண்கல்விக்குச் செய்த பணியை நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அவ்வலிமைக்கு மற்றொரு முகமும் இருந்தது. 2009 இல் வெளிவந்த ரையன் அறிக்கை, துறவற சபைகள் நடத்திய இல்லங்களில் பல பத்தாண்டுகளாகச் சிறுவர் சிறுமியர் பட்ட கொடுமைகளை வெளிப்படுத்திற்று. அதே ஆண்டின் மர்பி அறிக்கை, டப்ளின் உயர்மறைமாவட்டத்தில் குருக்களின் குற்றங்கள் எவ்வாறு மூடி மறைக்கப்பட்டன என்பதைக் காட்டிற்று. 2010 மார்ச்சில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்து மக்களுக்குத் தனி மடல் எழுதினார். 2018 ஆகஸ்டில் திருத்தந்தை பிரான்சிஸ் டப்ளின் நகரில் திருப்பலியின் தொடக்கத்திலேயே மன்னிப்பு வேண்டினார். பாவசங்கீர்த்தனத்தை உலகுக்குக் கற்பித்த நாட்டில், திருச்சபையே முழந்தாளிட வேண்டியதாயிற்று.

2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அந்நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு 84 பேர். 2022 இல் 69 பேர். இதற்குக் காரணம் பல. கொடுமைகளின் நினைவு அவற்றுள் ஒன்று என்பதை மறுக்க இயலாது. குரோம்வெல்லால் செய்ய முடியாததை மௌனம் செய்தது. காயமுற்ற சிறுவர் குரல் உள்ளே வராதபடியும், உள்ளே நடந்தது வெளியே தெரியாதபடியும் அடைக்கப்பட்ட சுவர் அது. உண்மை என்னும் காற்று அதன்மேல் மோதியபோது, இடைவெளி இல்லாத காரணத்தால் சுவரோடு பலருடைய நம்பிக்கையும் சாய்ந்தது.

அயர்லாந்தைக் குறைகூற இதை எழுதவில்லை. வலிமை பெறும் எந்தத் திருச்சபைக்கும் டூன் ஏங்கஸ் கட்டும் ஆசை வரும். நம் நாட்டில் சிறுபான்மையினரான நமக்கு அச்சமும் உண்டு. அச்சம் கனத்த சுவரையே நாடும். வெளியார் கேள்வி கேட்டால் பகை என்கிறோம். உள்ளிருப்போர் கேட்டால் துரோகம் என்கிறோம். எளியவர் ஒருவர் தமக்கு நேர்ந்த அநீதியைப் பங்குப் பேரவையிலோ நிறுவனத்திலோ சொல்ல எழுந்தால், ‘இடறலாகும், வெளியே தெரிய வேண்டாம்’ என்று அமர்த்துகிறோம். அப்போதெல்லாம் சுவரில் ஓர் இடைவெளியைச் சாந்து பூசி அடைக்கிறோம்.

ஆரனின் உழவர் சுவரே வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. சுவர் இல்லையேல் கூடைகூடையாய்ச் சுமந்துவந்த மண் ஒரே புயலில் போய்விடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம்பிக்கையும் அவ்வாறு தலைமுறை தலைமுறையாய்ச் சுமந்து சேர்த்த மண்தான். அதற்குக் காவல் வேண்டும். ஆனால் காவல் எதற்கு என்பதை அவர்கள் மறக்கவில்லை. உள்ளே விளையும் கிழங்குக்காகச் சுவர். சுவருக்காகக் கிழங்கு அன்று. ஆகவே காற்றுக்கு வழிவிட்டனர். மாட்டுக்கும் மனிதனுக்கும் வேண்டும்போது கல்லை எடுத்து வழி திறந்தனர். திறந்த இடத்தை மறுபடி தம் கையாலேயே அடுக்கினர். சாய்ந்த இடத்தில் குனிந்து கல்லை எடுக்க அவர்கள் வெட்கப்படவில்லை.

டூன் ஏங்கஸ் காண ஆண்டுதோறும் பெருங்கூட்டம் வருகிறது. ஆனால் அங்கே யாரும் வாழவில்லை. ஆர்கின் சிதைந்து கிடக்கிறது. எந்தாவின் ஆலயத்தைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டத்தில், புனிதர் நூற்றுக்கு மேற்பட்டோர் துயில்வதாக மக்கள் நம்பும் இடத்தை, மணல் மெல்ல மூடுகிறது; தீவின் மக்கள் தம் இறந்தோரை அதன் அருகிலேயே இன்றும் அடக்கம் செய்கின்றனர். வயற்சுவர்களோ இன்னும் வேலை செய்கின்றன. காற்றடித்த இரவுக்குப் பின், எந்தக் கல் விழுந்தது என்று பார்க்க யாரேனும் ஒருவர் காலையில் வயலுக்குச் செல்கிறார்.